மாப்பிள்ளையின் தள்ளாட்டம்

துவைக்க எடுத்த சட்டையிலிருந்து மாமியாரின் மூக்கில் குப்பென்று ஏறியது ஸ்பிரிட் வாடை. அதுவும் இடுப்புப் பக்கம்தான் தூக்கலாக.

“குடிக்கிறது போதாதுன்னு மேலேயும் ஊத்திக்கிறாராடி உன் வீட்டுக்காரர்?”

“சும்மா இரும்மா. ஆஸ்பத்திரிக் கருவியெல்லாம் சோதிச்சுப் பார்க்கிற வேலை. அங்கே ஸ்பிரிட் இல்லாம இருக்குமா?”

“அப்போ முழங்கையில சிராய்ப்பு? இடுப்புல கன்னிப்போய்க் கிடக்கே? கருவி எழுந்து வந்து அடிச்சுதாக்கும்!”

“மேஜையில இடிச்சுக்கிட்டாராம்.”

“தினமுமா?”

மாமியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கணவர் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டவள் அவள். குளியலறைச் சுவரோடு சரிந்து, உட்கார்ந்த வாக்கிலேயே கிடந்தார் அவள் கணவர். கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்குக் கதவை உடைத்து அவரைத் தூக்கியவர் இந்த மாப்பிள்ளைதான். அதற்கப்புறம் ‘விழுந்தார்’ என்ற பேச்சையே அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனா இப்படிக் கெட்டுப்போனது? உண்மை என்று தெரிந்தால் இன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு பழைய வீட்டுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

மாப்பிள்ளை மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா நல்ல சாக்காகக் கிடைத்தது. பஸ் ஏறி அவர் வேலை பார்க்கும் இடத்துக்கே போய்விட்டாள்.

“உள்ளே சோதனை நடக்குது. உட்காருங்கம்மா” என்றார் காவலாளி.

உட்கார்ந்தாள். எழுந்தாள். தாழ்வாரத்தில் போனாள், வந்தாள். கடைசியில் கதவிலிருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தே விட்டாள்.

மாப்பிள்ளை தள்ளாடிக்கொண்டு வந்தார். சுவரைப் பிடித்தார். கால் பின்னி, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டு போட்ட இருவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்தார். மறுபடியும் சரிந்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

“பட்டப்பகல்ல குடிச்சுட்டு விழறவரை வேடிக்கை பார்க்கிறீங்களே, மனுஷங்கதானா நீங்க?”

“குடியா?” வெள்ளைக் கோட்டுக்காரர்களில் மூத்தவர் திகைத்துப்போனார். “அவர் இடுப்புல பாருங்கம்மா.”

பட்டை ஒன்றில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி இருந்தது.

“வீட்டுல தனியா இருக்கிற வயசானவங்களுக்கானது. அவங்க விழுந்தா இதுவே சொந்தக்காரங்களுக்குப் போன் அடிக்கணும். முன்பக்கம் விழுந்தாரு, பின்பக்கம் விழுந்தாரு, எல்லாத்துக்கும் ஒழுங்கா அடிச்சுது. பாஸ் போட்டுடலாம்னு நாங்க சொன்னா இவர் விடமாட்டேங்கிறார். நாள் பூரா இதே மாதிரி விழுந்துக்கிட்டே இருக்கார். பட்டையை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத் துடைச்சு எங்க கைதான் ஓய்ஞ்சுபோச்சு.”

சுவரோரம் உட்கார்ந்த வாக்கிலேயே மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

“மாமா விழுந்த மாதிரி விழுந்தா மட்டும் இது அடிக்க மாட்டேங்குது, அத்தை.”