வாளி தூக்கிய மருமகன்

முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. சின்ன மருமகன் கோபிசங்கரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நடுவில் இருத்தினார் இராசநாயகம். மூத்த மருமகன் கஜீபனின் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார்.

"தம்பி, நீங்கள் பரிமாறுங்கோ."

மூத்த மகள் உதயகலாவுக்கு முகம் செத்துப்போனது. தங்கச்சியின் புது வீட்டுக் குடிபூரலில், அளவெட்டி ஊர்ச் சனம் முழுக்கப் பார்த்திருக்க, தன் புருஷனுக்கு மட்டும் வேலைக்காரன் உத்தியோகமா?

ஏற்கெனவே அவள் களைத்துப்போயிருந்தாள். கஜீபன் மனநோய்க்கு டொக்டர் தந்த குளிசை எடுக்கத் தொடங்கி மூன்று மாதம். காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன, கால்தான் நிற்கவில்லை. காலுக்குள்ளே ஏதோ ஊருது என்பான். இருந்தால் எழும்புவான், எழும்பினால் நடப்பான், விறாந்தைக்கும் குசினிக்குமாக நாள் முழுக்க நடை. குளிசைதான் அப்படிச் செய்யுதாம். மெல்ல மெல்லக் குறைத்துப் பார்ப்போம் என்றிருந்தார் டொக்டர்.

அதுவரை ஊர் வாயில் விழக்கூடாது என்றுதான் ஒரு நல்லது கெட்டதுக்கும் அவனைக் கூட்டிப்போகாமல் இருந்தாள். அப்பாதான் விடாப்பிடியாக நின்று கூப்பிட்டார். இதுக்குத்தானா கூப்பிட்டவர்?

பந்தியின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்குமாகக் கஜீபன் வாளியோடு நடந்தான். இரண்டாம் பந்தி. மூன்றாம் பந்தி. பாவம், அந்த மனுசன் முகம் கோணாமல் பரிமாறிக்கொண்டிருந்தது. மூத்த மருமகனை நல்லா வேலை வாங்குறார் என்று ஒரு மாமி உதயகலாவின் காதுபடவே சொன்னா.

அதுக்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. குசினி வாசலில் அப்பாவை மறித்தாள்.

"வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சும் அவரை வாளி தூக்க வைக்கிறியள். பரிமாற வேறை ஆக்கள் கிடைக்கேல்லையோ?"

இராசநாயகம் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"நாலு பேருக்குச் சொல்லி வைச்சனான் பிள்ளை. இண்டைக்குக் காலமைதான் வரவேண்டாம் எண்டு மறிச்சுப்போட்டன்."

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"இலைக்கு முன்னாலை இருத்தினால் பாதியிலை எழும்பி நடப்பார். அவரை விசரன் எண்டு சொல்லுவினம். வாளியோடை நடந்தால், மாமன்காரன் ஈவிரக்கம் இல்லாதவன் எண்டு என்னைத்தானே பேசுவினம்."