பேர் போடாத ஆள்

இந்த மூன்றாவது இடமாவது தகைய வேண்டுமே என்று பொன்மலைக்குப் பெண் பார்க்க வந்த பிரவீன்ராஜ், காபி வருவதற்குள் தன் பெருமையில் பாதியைப் பாடி முடித்திருந்தான்.

"கம்பைலரே எழுதறவன் அங்கிள் நான். லினக்ஸ்ல சேர்க்க, சம்பளமில்லாம ஒரு சாஃப்ட்வேரை பேக்கேஜ் பண்ணி அனுப்பறேன். அதைச் சரிபார்க்கறது பேர்கூடப் போடாத ஒரு தற்குறி. எட்டு தடவை திருப்பிட்டான்!"

"லைசென்ஸ் ஃபைல் வைக்காம அனுப்பினா?" என்றாள் மணப்பெண் பிரான்சி, காபியை நீட்டியபடி.

பிரவீன்ராஜின் கை பாதியில் நின்றது. லைசென்ஸ் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"எட்டு தடவையும் காரணம் எழுதினேனே, படிக்கவே இல்லையா?" என்றாள் பிரான்சி.

அப்பா சவரிராயன் விழித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்கு என்னம்மா சொல்றது?"

"ஒன்பதாவது தடவை ஒழுங்கா அனுப்பட்டும்ப்பா. அப்புறம் பேசலாம்."