பூஜ்யக் கல்

தலைநகரத்தை இடம் மாற்றினார்கள். நாட்டின் சாலைகளையெல்லாம் எந்தக் கல்லிலிருந்து அளந்தார்களோ, அந்தப் பூஜ்யக் கல்லை லாரியில் ஏற்றிப் புது நகருக்குக் கொண்டுபோனார் அதிகாரி வில்வநாதன். பாதி வழியில் அச்சு முறிந்தது. கல்லை இறக்கியாக வேண்டும். ஆனால் அது தரையில் படும் இடம்தான் இனித் தலைநகரம் என்பது சட்டம்.

"என் கயித்துக் கட்டில்ல வைங்க சார், தரையில படாது" என்றாள் டீக்கடை செங்கமலம். வைத்தார்கள்.

லாரி சரியாவதற்குள், கையில் பழைய மனுக்களோடு பதினோரு பேர் கட்டிலின் முன் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"தலைநகரத்துலதாம்மா மனு வாங்க முடியும். இது வெறும் வழி" என்றார் வில்வநாதன்.

செங்கமலம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கயிறு தொய்ந்துகொண்டே வந்தது. தரைக்கு இன்னும் ஒரு விரற்கடைதான்.

"இருங்க சார், இன்னொரு டீ குடிச்சிட்டுப் போங்க."