றம்லா வீட்டுக் கடப்படி

"மறுகாவும் றம்லாட கடப்படிதான், ராத்தா!"

பஹீமா அடுக்களைக்குள் பாய்ந்து வந்த வேகத்தில் அபாயாவின் ஓரம் கதவில் கொளுவிக் கிழிந்தது. அவள் அதைப் பார்க்கவேயில்லை.

அக்கா ஸஹீதாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. "எவ்வளவு நேரம் நிண்டாரு?"

"முழுசா நாலு நிமிசம்! அவட மதிலப் புடிச்சிக்கிட்டு நிண்டாரு. மணியப் பாத்தாரு. பொக்கட்டுக்குள்ள இருந்து ஒரு கொப்பிய எடுத்து என்னமோ எழுதினாரு. இந்த ரெண்டு கண்ணாலயும் கண்ட நான்!"

ஸஹீதாவின் கணவர் அப்துல் கபூருக்கு ஐம்பத்தெட்டு வயது. பஸாரில் புடவைக்கடை. மூன்று மாதமாக ஒரு புதுப் பழக்கம். மாலையில் அஸர் தொழுத கையோடு, 'வாவிக்கரைக்குப் போய் காத்து வாங்கிட்டு வாறன்' என்று புறப்பட்டுவிடுவார்.

காத்தான்குடித் தெருவில் வீடுகளெல்லாம் சீதன வீடுகள். பெண்களின் பெயரிலேயே இருப்பவை. ஓர் ஆண் எந்தக் கடப்படியில், எந்தத் தெருவாசலில் நின்றாலும் அது ஒருத்தியின் வாசல்தான். கபூர் நின்றார். முதல் மாதம் றம்லாவின் வாசல். அவளுடைய கணவன் கட்டாரில். அடுத்த மாதம் நாலு வீடு தள்ளி ஷஸ்னா டீச்சரின் வாசல். பிறகு இன்னும் தள்ளி, வாவிக்கு அருகில், அஸீமாவின் வாசல்.

"ஒண்டு சலிச்சா மத்தது!" என்று பஹீமா அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஸஹீதா சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்தால் ஊர் சிரிக்கும். இருபத்தெட்டு வருட வாழ்க்கை தெருவுக்கு வந்துவிடும். அவள் வேறொரு வழி பார்த்தாள். ஒருநாள் அஸர் பாங்கு கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள்.

"இஞ்சாருங்க, நெஞ்சு படபடக்கிது. எங்கயும் போகாதீங்க."

"வா, டொக்டர்ட போவம்."

"வேணாம். நீங்க பக்கத்தில இருந்தாச் சரி."

கபூர் இருந்தார். விசிறினார். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். இருபது நாள், மாலையில் அவர் தெருவாசலைத் தாண்டவில்லை. வென்றாகிவிட்டது என்று நேற்றுத்தான் ஸஹீதா கட்டிலை விட்டு எழும்பினாள்.

இன்றைக்கே புறப்பட்டுவிட்டார். அதுவும் பழைய இடத்துக்கு!

"முதல் மையல் லேசில போகாது, ராத்தா" என்றாள் பஹீமா. "வீடு உன்ட பேரில. அவர்ட உடுப்ப ஒரு பேக்கில போட்டு வெளிய வை. உனக்கு ஏலாட்டி நான் வைக்கிறன்."

வாசலில் செருப்புச் சத்தம். கபூர் மெதுவாக உள்ளே வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"இரியுங்க மச்சான்" என்றாள் பஹீமா. "நிண்டு நிண்டு கால் உழைஞ்சிரிக்குமே!"

கபூர் திடுக்கிட்டார். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவ்வளவுதான். ஸஹீதா ஒரே எட்டில் போய் அவருடைய பொக்கட்டிலிருந்து கொப்பியை உருவினாள். விரித்தாள். திகதி போட்டு, வரிவரியாக:

றம்லா – 5 நிமிசம். றம்லா – 4. ஷஸ்னா – 3. ஷஸ்னா – 3. அஸீமா – 2.

பிறகு இருபது நாளுக்கு வெறும் கோடு. கடைசியில் இன்றைய திகதி. றம்லா – 4.

"யா அல்லாஹ்! பேரோட எழுதி வெச்சிரிக்காரே!" பஹீமா தலையில் கை வைத்தாள்.

"ஆருக்குக் காட்ட இந்தக் கணக்கு?" ஸஹீதா கொப்பியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சொல்லுங்க! ஆருக்கு?"

"ஆஸ்பத்திரியில காலுக்கு எக்சசைஸ் சொல்லித் தாற மிஸ்ஸுக்கு."

கபூர் கதிரையில் உட்கார்ந்து, சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கால்ல ரத்தம் ஓடுற குழாய் அடைச்சிரிக்கி, புள்ள. கொஞ்சத் தூரம் நடந்தா உயிர் போற மாதிரி நோகும். 'நோகிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, நோ விட்டா மறுகா நடங்க. நோ எங்க வந்த, எவ்வளவு நேரம் நிண்ட எண்டு எழுதிட்டு வாங்க' எண்டாங்க. தெருவ மீற்றர் கோலால அளக்க ஏலுமா? வீட்டுக்காரிட பேர எழுதினன்."

பஹீமா கொப்பியை மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"முதல்ல றம்லா வீட்டத் தாண்ட ஏலல்ல. மறுகா அஸீமா வீடு வரைக்கும் நிக்காமப் போனன். நாளைக்குக் கிளினிக். வாவிக்கரை வரைக்கும் ஒரே நடையாப் போனா ஒப்பரேசன் தேவல்ல எண்டிருந்தாங்க. அதுக்குப் பொறகு உனக்கிட்டச் சொல்லுவம் எண்டுதான் இருந்தன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "இப்ப திரும்ப றம்லா வீட்டடியிலயே நோ வந்திட்டு."

கொப்பியிலிருந்த அந்த வெறும் கோட்டில் ஸஹீதா விரலை வைத்தாள்.

"அந்த இருபது நாளும்... ஏன் நடக்காம விட்டீங்க?"

கபூர் அவளை ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தார்.

"நெஞ்சு ஏலாமக் கிடக்கிற உன்ன விட்டிட்டு, நான் எப்பிடிப் புள்ள நடக்கப் போற?"