முதல் கையெழுத்து

"வரியைக் குறைச்சாத்தான்டா நாடு செழிக்கும்," என்றார் வெர்லின், ஹாம் சாண்ட்விச்சைக் கடித்தபடி. "அந்த எரிசக்தி ஆபீஸ் என்னத்தக் கிழிச்சுது? வருஷத்துக்கு ஒருதடவை ஒருத்தன் வந்து, வீட்டைச் சூடாக்குற எண்ணெய் ஹீட்டரை எட்டிப் பார்ப்பான்."

"புகைக்குழாயையும் பார்ப்பான்ணே," என்றான் தம்பி ஆரின்.

"குருவிக்கூடு இருந்தா எடுத்துப் போடுவான். அதுக்கு ஒரு ஆபீஸ், நம்ம வரிப்பணம்! மனுப் போட்டு மூட வச்சோமே, அதான் சரி."

"மனுவுல முதல் கையெழுத்து அப்பாவோடது."

"அவரு விவரமானவருடா!"

அமெரிக்க டகோட்டாவின் அந்தச் சிற்றூர்த் தேவாலயக் கூடத்துக் கதவைத் திறந்து தங்கை மார்லிஸ் கூப்பிட்டாள். "அப்பாவோட பெட்டியைத் தூக்கப் போறாங்க, ரெண்டு பேரும் வாங்க."

ஆரின் எழவில்லை. "அப்பா தூக்கத்துல போனது வயசால இல்லண்ணே. புகை வெளிய போக வழியில்லாம வீட்டுக்குள்ளயே அடைஞ்சிருக்கு. காலையில புகைக்குழாய்க்குள்ள கைய விட்டுப் பாத்தேன்."

கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் பிரித்தான். உள்ளே, கரி படிந்த ஒரு குருவிக்கூடு.