எழுதாத சிலேட்டு

"குழந்தை மனசு எழுதாத சிலேட்டு, ஆயாம்மா. பூச்சாண்டி, இருட்டுன்னு பயம் காட்டி அதுல எதையும் கிறுக்கிடாதீங்க." வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

"எனக்கு எழுதவே தெரியாதும்மா" என்று ஆயா சிரித்தாள்.

அம்மா ஆபீஸிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஆயா சொல்வது ஒன்றுதான்: "பாப்பா தங்கம்! நாள் பூரா ஒரு சத்தம் இல்ல." அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது.

அன்று ஆயாவுக்கு லீவு. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எதேச்சையாகத் திரும்பினாள்.

பாப்பா தன் பொம்மையைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியது. கதவிடுக்கில் வாய் வைத்துக் கிசுகிசுத்தது.

"அழுதே, அம்மா வந்தாலும் தெறக்க மாட்டேன்."

"பாப்பா!" என்று அம்மா அலறிவிட்டாள்.

பாப்பா வெலவெலத்துப் போய், தானே அலமாரிக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டது.

உள்ளே ஒரு சத்தம் இல்லை.