இரைச்சல் விழுந்த இடம்

"நிறுத்துங்க. அந்த நடுத்துண்டை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க."

தேர்வுக்குழுத் தலைவி தோழர் மினேவா இப்படிச் சொன்னதும் என் கையிலிருந்த டிரம் குச்சி வழுக்கியது.

ரூசே ஊரில் அந்த அம்மாவிடம் அகப்படாத வாத்தியக்காரன் கிடையாது. கம்யூனிஸ்ட் ஆட்சியில்லையா, மேல்நாட்டு இசையின் வாடை கொஞ்சம் அடித்தாலும் மேடையில் வாசிக்க அனுமதிச் சீட்டு கிடைக்காது. எங்களுக்கு முன்னால் போன குழு, வாத்தியத்தைப் பெட்டியில்கூட வைக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "அந்தம்மாவுக்குக் காது இருக்கிற எடத்துல ரப்பர் முத்திரை இருக்குடா" என்பான் எங்கள் குழுவில் பாஸ் கிதார் வாசிக்கிற பென்கோ.

சீட்டு இல்லையென்றால் கோடை முழுக்கக் கடற்கரை ஹோட்டலில் வாசிக்க முடியாது. நானும் பென்கோவும் எப்படியாவது பிழைத்துக்கொள்வோம். கிதார்க்காரன் ஸ்டாமென்தான் திரும்பச் செங்கல் சூளைக்குப் போகவேண்டும். அவன் நகக்கண்ணில் செம்மண் இன்னும் போகவில்லை.

இப்போது வாசித்த இந்தப் பாட்டைப் பிடிவாதமாகச் சேர்த்தவனும் அவன்தான். மூன்று மாதம் முன்புவரை சூளை வேலை போக, கல்யாணங்களில் கிளாரினெட் ஊதியவன். ராக் என்றால் என்னவென்றே தெரியாது. பென்கோ வெளிநாட்டு ரேடியோவிலிருந்து பிடித்த டேப்பைப் போட்டுப் போட்டு, விரலால் தடவித் தடவித்தான் ஒவ்வொரு பாட்டாகக் கற்றுக்கொண்டான். யார் பாட்டு, என்ன பேர், ஒன்றும் தெரியாது. இந்த ஒன்று மட்டும் அவனைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் டேப்பின் நடுவில் அரை நிமிஷத்துக்குக் கர்ரென்று இரைச்சல். அந்த ரேடியோவை யாரும் கேட்கக்கூடாதென்று சர்க்கார் ஏவிவிடுகிற இரைச்சல்.

"அந்த எடத்துல என்னதான்டா இருந்திருக்கும்?" என்று எங்களைப் பிடுங்கி எடுத்தான். கடைசியில், கல்யாணத்தில் கைக்குட்டை வீசி ஆடுவார்களே ரச்செனிட்சா, அந்த மெட்டை ஏழு தட்டில் அங்கே ஒட்டுப் போட்டான். பட்டியலில் 'அறுவடைக் களிப்பு' என்று ஒரு பேர் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இப்போது அந்த ஒட்டைத்தான் அம்மா கேட்கிறார்.

ஸ்டாமென் வாசித்தான்.

"இன்னொரு தடவை."

வாசித்தான். அம்மா தலை நிமிராமல் ஒரு தாளில் என்னவோ குறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் பேனா மூடியைத் திறந்தார்.

"இந்தத் துண்டு யாரோடது?"

"என்னோடதுதான், தோழர். மத்ததெல்லாம் வந்து..."

நான் பெரிய டிரம்மைக் காலால் ஒரு மிதி மிதித்தேன். ஸ்டாமென் வாயை மூடினான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். இன்னொரு தடவை."

அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை வாசிக்கும்போது, மேசைக்கு அடியில் கட்சிக்காரரின் ஷூ தன்னை அறியாமல் ஏழு தட்ட ஆரம்பித்தது.

அம்மா அதைக் குனிந்து பார்த்தார். பிறகு அவரிடம், "எழுதிக்குங்க. நம்ம நாட்டு ஆட்டமெட்டு" என்றார். அவரும் எழுதினார். முத்திரை விழுந்தது.

வாசல்வரை வந்துவிட்டோம். "கிதார்க்காரரே" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். "உங்க பிழையெல்லாம் இதுல குறிச்சிருக்கேன். திருத்திக்குங்க." மடித்த தாளை நீட்டிவிட்டு, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த குழுவைக் கூப்பிட்டார்.

படியிறங்கும்வரை பென்கோ வாய் ஓயவில்லை. சீட்டைக் கொடுக்கும்போதும் ஒரு குத்துக் குத்தாமல் விடமாட்டாளாம். முத்திரைக்கு இசை என்ன தெரியுமாம்.

தெருவில் ஸ்டாமென் தாளைப் பிரித்தான். பட்டாளத்து வாத்தியக் குழுவில் இசைக்குறிப்பு படிக்கக் கற்றவன். உதடு மெல்ல முணுமுணுத்தது. அப்படியே பஸ்ஸுக்கு வழிவிடாமல் நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

தாளில் பிழை ஒன்றும் குறித்திருக்கவில்லை. இரைச்சல் தின்ற அந்த அரை நிமிஷம், ஒரு சுரம் விடாமல் இருந்தது.

அடியில் ஒரே ஒரு வரி:

"எங்கள் தெருவில் இரைச்சல் கொஞ்சம் குறைவு."